பதினோரு உறைகள், ஒரே ஏரி

கோல்டர் நதி ரேடார் நிலையம், அலாஸ்கா
1981 மார்ச் 3

வெர்னா அக்காவுக்கு,

'அன்புள்ள' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். காரணம் கீழே.

நேற்றுக் காலை மேஜர் ஸ்ட்ரௌட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் உன் கடிதம். எனக்கு எழுதியது அல்ல, நிலையத் தலைவர் என்ற முறையில் அவருக்கு நீ நேராக எழுதியது. எங்களுக்கு ஒன்பது மைல் மேலே ஓர் ஏரி நிரம்பிவருகிறது, கோடையில் அது உடையும், ஆற்றங்கரையில் கீழ்முகாமில் இருக்கும் முப்பத்துநாலு பேரையும் இப்போதே மலைமுகட்டுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று இரண்டு பக்கம். அவர் அதை உரக்க வாசித்தார். கதவு திறந்திருந்தது.

"சார்ஜென்ட் பிரெக்கே, உங்க அக்காவுக்கு என்ன வேலை?"

"மேரிலாண்ட்ல சார். ஆகாயத்துலேருந்து எடுத்த படத்தைப் பாத்து, அதுல என்ன இருக்குன்னு சொல்ற வேலை."

"நான் இந்த ஆத்துக்குப் பக்கத்துல மூணு வருஷமா படுத்துத் தூங்கறேன். அவங்க நாலாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் உக்காந்துக்கிட்டு, என் கால் நனையப்போகுதுங்கறாங்க."

சாயங்காலம் என் கட்டிலில் ஒரு ரப்பர் வாத்து இருந்தது. இன்று காலை சூப் அண்டாவுக்கு யாரோ உயிர்காப்பு வளையம் மாட்டியிருந்தார்கள். வரிசையில் நின்றவன் ஒருவன், "என்ன சமையல்காரரே, இன்னிக்கு நீச்சல் தெரிஞ்சாத்தான் சோறா?" என்றான். முப்பத்துமூன்று பேர் சிரித்தார்கள். மேஜரும் அதில் சேர்த்தி.

இடமாற்றம் கேள் என்று எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாய். டிசம்பரில் எனக்கு ராணுவத்தில் இருபது வருஷம் முடிகிறது, ஓய்வூதியம் கிடைக்கும். அதுவரை இந்த அடுப்பை விட்டு நகரமாட்டேன். அக்கா சொன்னாள் என்று ஓடிப்போன சமையல்காரன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் எல்லோர் முன்னாலும் என் மூக்கைத் துடைத்துவிட்டவள் நீ. எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. மூக்கை நானே பார்த்துக்கொள்கிறேன்.

டுவைட்


மேரிலாண்ட்
மார்ச் 19

அன்புள்ள டுவைட்,

நான் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மேஜருக்கு எழுதியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். அது என் நாலாவது முயற்சி. அதற்கு முன் என் அலுவலகத்துக்கே மூன்று குறிப்புகள் எழுதினேன். விஷயம் இதுதான், சிரிக்காமல் படி. இரண்டு வருஷத்துப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். உங்களுக்கு மேலே உள்ள பனியாறு நகர்ந்து வந்து, பக்கத்துப் பள்ளத்தாக்கின் வாயை அடைத்துவிட்டது. உருகும் நீருக்கு வெளியேற வழியில்லை, தேங்குகிறது. அணையாக நிற்பது பனிக்கட்டி. பனிக்கட்டி மிதக்கும் என்பது சமையல்காரனுக்குத் தெரியும். அணையின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு நீர் ஏறினால், அணை அப்படியே எழும்பி வழிவிடும். பிறகு ஏரி முழுவதும் ஒரே மூச்சில் உங்கள் ஆற்றுக்குள் வரும்.

முதல் குறிப்புக்குப் பதில்: 'இந்த அலுவலகம் எதிரியின் மண்ணைப் பார்ப்பதற்கானது. நம் மண்ணைப் பார்ப்பது வரம்பு மீறல்.' இரண்டாவதற்குப் பதில்: 'உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது.' எது உரிய அலுவலகம் என்று கேட்டு எழுதியதுதான் மூன்றாவது. அதற்குப் பதிலாக என்னை இடம் மாற்றிவிட்டார்கள்.

புது வேலையைப் பற்றி வெளியே பேசக்கூடாது. ஆகவே இதை ராணுவத் தபாலில் போடவில்லை. உங்களுக்கு மாவும் உருளைக்கிழங்கும் கொண்டுவரும் விமானி ஹாலிஸின் வீட்டுக்கு அனுப்புகிறேன், அவர் கையில் கொடுப்பார். இங்கே ஒரு பழைய மரக் கட்டிடம். ஆறு பேர். இருந்த இடத்திலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, ருஷ்யாவைப் பார்க்கிறோம். ராணுவம் சம்பளம் கொடுக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதற்கு ஆளெடுக்க எங்கள் அலுவலகத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். மூடிய உறைக்குள் என்ன படம் என்று சொல்ல வேண்டும். நான் 'விமான ஓடுதளம்' என்றேன். பதினாறு வருஷமாக அந்த அலுவலகத்து உறைகளில் இருந்தவை பெரும்பாலும் ஓடுதளங்கள்தான். ஆனால் கர்னல் பிரூயிட் எழுந்து நின்றுவிட்டார். இந்தப் பிரிவு அவருடையது.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி விசேஷப் புலன் உண்டா, மிஸ் பிரெக்கே?"

"என் தம்பிக்கு உண்டு. அடுத்த கட்டடத்துல வெங்காயம் தீஞ்சா இங்கேருந்தே சொல்லிடுவான்."

'பரம்பரை' என்று எழுதிக்கொண்டார்.

ஏரியைப் பற்றி அவரிடமும் சொன்னேன். "அதெல்லாம் குறிப்பு எழுதறவங்க வேலை. நீங்க இப்ப அதைத் தாண்டி வந்தாச்சு" என்றார்.

வெர்னா


கோல்டர் நதி
ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் இரண்டு முறை சிரிப்பதற்காக. ராணுவத்தில் இருபது வருஷமாகச் சோறு போடுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேரைத் தெரியும். அதற்கென்று தனிப் பிரிவு திறந்தது இப்போதுதான் தெரியும்.

மூன்றாவது முறை படித்தபின் ஒரு குவளை நீரில் பனிக்கட்டி போட்டுப் பார்த்தேன். பிறகு வானிலை பார்க்கும் ரூபனைக் கூட்டிக்கொண்டு பனிவண்டியில் மேலே போனேன். உன் பேச்சை நம்பி அல்ல. நீ சொன்னது தப்பு என்று எழுதுவதற்காக.

அக்கா, அது ஏரி இல்லை. மலைக்கு நடுவில் ஒரு கடலை யாரோ ஒளித்துவைத்த மாதிரி இருக்கிறது. மேலே பனித்தோல், ஓரமெல்லாம் ஈரம். நானும் ரூபனும் பாறையில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்துப் போனபோது கோடு இரண்டடி தண்ணீருக்குள் இருந்தது. இன்னும் வெயிலே ஆரம்பிக்கவில்லை. ரூபன் கணக்குப் போட்டான். ஜூலை நடுவில் என்றான். அப்புறம் தன் கணக்கையே பார்த்துவிட்டு, "இல்ல, அதுக்கும் முன்னாடி" என்றான்.

மேஜரிடம் போனோம்.

"சிவப்புக் கோடா? பெயின்ட் யார் கொடுத்தது?"

"ஸ்டோர்லேருந்து எடுத்தோம் சார்."

"ரசீது?"

"சார், தண்ணி..."

"பிரெக்கே, தலைமையகத்துக்கு நான் என்னன்னு எழுதறது? என் சமையல்காரன் ஏரி பாத்துட்டு வந்தான்னா? முகாமை மாத்தணும்னா மேலேருந்து உத்தரவு வரணும். ரேடாரை விட்டுட்டு எல்லாரும் சாமான் தூக்கினோம்னா, ருஷ்யாக்காரன் அந்தப் பக்கமா வந்தான்னா, என் தலைதான் போகும்."

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன் கண்ணால் பார்ப்பதை விடத் தலைமையகத்தின் கண்ணால் பார்ப்பது பாதுகாப்பு என்று கற்றுக்கொண்டவர், அவ்வளவுதான். கீழ்முகாமில் முப்பத்துமூன்று பேர் தூங்குகிறார்கள். நான் தூங்குவதில்லை. இப்போது என்ன செய்வது, சொல்.

டுவைட்


மேரிலாண்ட்
ஏப்ரல் 30

அன்புள்ள டுவைட்,

என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்கு இடமாற்றம் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நீ மட்டும் வரமாட்டாய் என்றும் தெரிந்தது. ஆகவே வேறு வழி.

இங்கே வேலை எப்படி நடக்கிறது என்றால், லெஸ்டர் என்பவர் ஒரு மூடிய உறையை மேசையில் வைப்பார். மேலே ஓர் எண் மட்டும். உள்ளே என்ன இடம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு மனதில் வருவதைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு, ஆனால் கடுமையானது: எந்தப் பொருளையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. 'வீடு' என்றால் லெஸ்டர் பென்சிலை மேசையில் தட்டுவார். பெயர் சொல்வது மூளையின் குறுக்கீடாம். நிறம், வாடை, சூடு, குளிர், நீளம், அகலம் மட்டும் சொல்லலாம்.

நேற்று முன்தினம் உறை எண் ஒன்று. நான் கண்ணை மூடிக்கொண்டு என் முதல் குறிப்பைச் சொன்னேன். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு.

"குளிர். மேல ரொம்ப ஆழம். நீலம். வெள்ளையா ஒண்ணு தடுத்து நிக்குது."

"கீழ?"

"கீழ நீளநீளமா, எண்ணினா ஆறு இருக்கு. சாம்பல் நிறம். உள்ள கதகதப்பு. மஞ்சளா ஒண்ணு. அதுலேருந்து ஒரு வாடை."

"என்ன மாதிரி வாடை?"

"கண்ணைக் கரிக்குது. இனிப்பாவும் இருக்கு."

லெஸ்டர் வேகமாக எழுதினார். நான் சொன்னது உங்கள் ஆறு கொட்டகைகள், உன் சமையலறை, உன் வெங்காயம். சாயங்காலமே ஆய்வுக் குறிப்பு வந்துவிட்டது: எதிரி நீருக்கடியில் நச்சுவாயுத் தொழிற்சாலை கட்டுகிறான்.

இன்றுவரை ஐந்து உறை ஆகிவிட்டது. ஐந்துக்கும் அதே பதில். உள்ளே என்ன இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நீயே கேலி செய்வாய். சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் திரும்பப் பார்த்தேன். எதுவும் பொய்யில்லை. கண்ணை மூடிக்கொண்டது மட்டும்தான் பொய்.

அங்கே வேறெங்கும் இல்லாத அடையாளங்கள் ஏதாவது இருந்தால் உடனே எழுது.

வெர்னா


கோல்டர் நதி
மே 17

அக்கா,

என் வெங்காயம் ருஷ்யாவின் நச்சுவாயு ஆனதை ரூபனிடம் மட்டும் சொன்னேன். "ருசி பாத்தவங்கதான் எழுதியிருக்கணும்" என்கிறான்.

அடையாளங்கள் கேட்டாய். சமையலறை மஞ்சள், அது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பேருந்துக்கு அனுப்ப வேண்டிய பெயின்ட் தவறுதலாக இங்கே வந்தது, திருப்பி அனுப்புவதற்கான படிவம் யாரிடமும் இல்லை. கொடிக்கம்பம் உச்சியில் மேற்கே வளைந்திருக்கும், போன பனிக்காலக் காற்று. முகட்டிலிருக்கும் ரேடாருக்குக் கம்பியில் தொங்கும் சிவப்பு வண்டி. ஒரு நேரத்தில் நாலு பேர் போகலாம், பாதிவழியில் ஒரு முறை நின்று யோசிக்கும். பொழுதுபோக்கு அறைச் சுவரில் கரடித்தோல். ஒரு காது கிடையாது.

சிவப்புக் கோட்டுக்கு மேலே பதினெட்டு அடி ஏறியிருக்கிறது. ரூபன் தேதி சொல்வதை நிறுத்திவிட்டான். கேட்டால் "சீக்கிரம்" என்கிறான்.

எனக்கு வாத்து வைத்த பயல்களுக்கு நேற்று ஆப்பிள் பணியாரம் செய்து கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். சும்மா என்றேன். அவர்கள் தூங்கும் இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது செய்துகொடுக்கத் தோன்றுகிறது.

சீக்கிரம் பார், அக்கா. எவ்வளவு கண்ணை மூட வேண்டுமோ மூடு.

டுவைட்


மேரிலாண்ட்
ஜூன் 11

அன்புள்ள டுவைட்,

நடந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

மே மாத நடுவில் ருஷ்யாவை எங்கும் தேடிவிட்டு, நீருக்கடித் தொழிற்சாலை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு எனக்கு உறை தருவதையே நிறுத்தினார்கள். மூன்று வாரம் சும்மா இருந்தேன். நீ கேட்டாய், நான் நாற்காலியில் ஏறவே முடியவில்லை. உனக்கு எழுதக்கூட முடியவில்லை. அந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று நேரில் சொல்கிறேன்.

பிறகு கர்னல் கூப்பிட்டார். மேசையில் பதினோரு உறைகளும் பிரித்துக் கிடந்தன. துறைமுகம், ரயில் நிலையம், கம்பளித் தொழிற்சாலை, ஒன்றில் தலைநகரத்து மிருகக்காட்சிசாலை. வேலை போயிற்று என்று நினைத்தேன். மேலங்கியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"மிஸ் பிரெக்கே, பதினோரு உறை. பதினொண்ணுக்கும் ஒரே பதில். இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"உங்களுக்குத் தெரியாது. இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுலேருந்து இப்படி நடந்ததே இல்ல. அந்த இடம் அவ்வளவு பலமா இருக்கு. எங்க அனுப்பினாலும் உங்களை இழுக்குது!"

தப்பு என்பதற்கு இந்தக் கட்டிடத்தில் இடமே இல்லை, டுவைட். இங்கே வேலைக்கு வந்து மூன்று மாதமாகியும் அதை நான் புரிந்துகொள்ளவில்லை.

பன்னிரண்டாவது உறையை அவரே கொண்டுவந்தார். நான் வளைந்த உச்சி சொன்னேன், மேற்குப் பக்கம். தொங்கும் சிவப்பு, பாதியில் நிற்பது. ரோமம், ஒரு பக்கம் மட்டும் காது. கடைசியாக மஞ்சளும் அந்த வாடையும். மூலையில் உட்கார்ந்திருந்த கேப்டன் ஃபாரிஸ் தலை தூக்கினார். ராணுவச் சமையலறைகளைச் சோதிக்கும் வேலையில் முன்பு இருந்தவர்.

"சார், இது ருஷ்யா இல்ல. இது நம்ம கோல்டர் நதி. மஞ்சள் சமையல்கட்டு. நான் அங்க சாப்பிட்டிருக்கேன். எதை வாயில வெச்சாலும் வெங்காயம்."

 இதோ வந்துவிட்டது, இனி ஏரியைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கர்னல் கையை உயர்த்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நாம இவங்களை எதிரியைப் பாக்க அனுப்பறோம். இவங்க கண்ணுக்கு நம்ம நிலையம் தெரியுது. அப்படின்னா எதிரி அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கான். அவனும் ஆள் வெச்சிருக்கான், ஃபாரிஸ். இவங்க அவனோட கண்ணுக்குள்ள உக்காந்திருக்காங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். பதினாறு வருஷ வேலையில் நான் செய்த மிகச் சிறந்த காரியம் அதுதான்.

உத்தரவு போய்விட்டது: ஜூன் முடிவதற்குள் கீழ்முகாமில் ஒருவரும், ஒரு காகிதமும் இருக்கக்கூடாது. எல்லோரும் முகட்டில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். எதிரி பார்க்கும்போது இடம் காலியாக இருக்க வேண்டுமாம்.

போய்விடு. உன் பாத்திரங்களையும் எடுத்துக்கொள்.

வெர்னா


கோல்டர் நதி, மலைமுகடு
ஜூன் 29

அக்கா,

வந்துவிட்டோம். இரண்டு பேருக்கான இடத்தில் முப்பத்துநாலு பேர். கூடாரத்துக்குள் மழை, வெளியில் காற்று. உன்னைத் திட்டாதவர்கள் நானும் ரூபனும்தான். உன்னைத்தான் திட்டுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மேஜர் எங்களை வரிசையில் நிறுத்திச் சொன்னார்: "காரணம் கேக்காதீங்க. அது ரொம்ப மேல் மட்டத்து ரகசியம். எனக்கே சொல்லல. அதனால ரொம்பப் பெரிசாத்தான் இருக்கணும்."

இப்படி முழு மனதோடு அவர் ஓர் உத்தரவை நிறைவேற்றி நான் பார்த்ததில்லை. நாலு நாலு பேராக அந்தச் சிவப்பு வண்டியில் இரண்டு நாள் ஏறினோம். கடைசி வண்டியில் அவரும் நானும் பெரிய அடுப்பும். பாதிவழியில் அது நின்று யோசித்தது. அவர் கீழே பார்த்துக்கொண்டே, "நல்ல முகாம், பிரெக்கே. என்ன கண்டுபிடிச்சானுங்களோ" என்றார். ஆறு சத்தம் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

டுவைட்


கோல்டர் நதி, மலைமுகடு
ஜூலை 10

என் அருமை அக்கா,

நேற்றுப் பகல் பதினொன்றரை. நல்ல வெயில். மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் வரவில்லை. ஆறு வற்றியது. கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது. ரூபன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வா, வெளிய வா" என்றான்.

பிறகு மலை இருமிய மாதிரி ஒரு சத்தம். பள்ளத்தாக்கின் திருப்பத்தில் ஒரு சுவர் வந்தது. பாதி தண்ணீர், பாதி பனிக்கட்டி. வீடு வீடாகக் கட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. நாங்கள் படுத்திருந்த ஆறு கொட்டகைகளும் சீட்டுக்கட்டு மாதிரிச் சாய்ந்தன. இருபது நிமிஷம். அதற்குப் பின் அங்கே முகாம் இருந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

சமையலறை மட்டும் உடையவில்லை. பிடுங்கிக்கொண்டு, நிமிர்ந்தபடியே, மஞ்சளாக, ஆற்றின் நடுவில் ஊர்வலம் போனது. முப்பத்துநாலு பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றோம். திருப்பத்தில் மறையும்போது யாரோ ஒருவன் கைதட்டினான். அப்புறம் எல்லோரும் தட்டினோம். ஒருவன் என்னைத் தூக்கினான், இன்னொருவன் ரூபனைத் தூக்கினான், எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. அழுதுகொண்டே கத்தினார்கள். நானும்தான்.

மேஜர் எண்ணினார். முப்பத்துநாலு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். முப்பத்துநாலு. என் பக்கத்தில் வந்து பாறைமேல் உட்கார்ந்தார்.

"உங்க அக்கா தேதி எதுவும் எழுதியிருந்தாங்களா, பிரெக்கே?"

"கோடையிலன்னு எழுதியிருந்தா சார்."

"நான் அதைச் சத்தமா வாசிச்சேன்."

"ஆமா சார். நல்லாவே வாசிச்சீங்க."

தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "அவங்களுக்கு எழுதும்போது, மேஜர் ஸ்ட்ரௌட் உயிரோட இருக்கார்னு எழுதுங்க. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார். எழுதிவிட்டேன்.

நான் சொல்ல வேண்டியதும் எனக்குத் தெரியவில்லை. மூக்கு வழிகிறது. நீ பக்கத்தில் இருந்தால் துடைக்க விட்டிருப்பேன்.

டுவைட்


மேரிலாண்ட்
ஆகஸ்ட் 2

அன்புள்ள டுவைட்,

உன் கடிதத்தை அலுவலகக் குளியலறையில் வைத்துப் படித்தேன். வெளியே வந்தபோது லெஸ்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "எதாவது தெரியுதா?" என்று பென்சிலை எடுத்தார். "ஆமா, எல்லாம் தெரியுது" என்றேன். எழுதிக்கொண்டார்.

இங்கே திருவிழா. அறிக்கை ஜெனரல்கள் வரை போய்விட்டது. அதன் முடிவு: நாம் கவனித்துவிட்டோம் என்று தெரிந்ததும் எதிரி ஆத்திரத்தில் ஏரியை உடைத்துவிட்டான். நமக்கு இழப்பு: ஆறு கொட்டகை, ஒரு சமையலறை. உயிர்ச்சேதம்: இல்லை. எனக்குப் பதக்கம் உண்டு. ரகசியம் என்பதால் கர்னலின் மேசைக்குள்ளேயே இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாமாம்.

மனது கேட்காமல் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் படத்தைப் பார்த்தேன், கணக்குப் போட்டேன், தம்பி கடிதம் எழுதினான், வேறு ஒன்றுமில்லை என்றேன். அவர் என் தோளைத் தொட்டார். "பெரிய திறமை இருக்கிறவங்க எல்லாம் இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க" என்றார். பிரிவுக்கு இன்னும் ஐந்து வருஷத்துக்கு நிதி வந்துவிட்டது. எனக்குப் புது நாற்காலி.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. போன வாரம் உணவு விடுதியில் ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். வெடிமருந்துக் கிடங்கில் வேலை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு தாளை என் தட்டுக்கு அடியில் தள்ளினார். "எட்டு வருஷமா எழுதறேன், மேடம். கூரையில ஈரம் இறங்குது. யாரும் படிக்கமாட்டேங்கறாங்க. நீங்க கொஞ்சம்... பாக்க முடியுமா?" என்றார். அடுத்த உறையில் பார்த்தேன். நேற்று அங்கே கூரை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரியின் கண்ணிலிருந்து மறைப்பதற்காக.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இன்று மரக் கட்டிடத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தின் பக்கம், வரிசையாக ஒன்பது பேர். பாராசூட் தைப்பவர், குடிநீர்க் குழாய்க்காரர், கடற்படையிலிருந்து ஓர் அம்மாள். எல்லோர் சட்டைப் பையிலும் மடித்த குறிப்பு. யாரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் நிமிர்ந்து நின்றார்கள், டுவைட். பதக்கம் என்றால் அதுதான்.

நாளை காலை ஒன்பது மணிக்கு உறை எண் பத்தொன்பது. உள்ளே ருஷ்யத் துறைமுகம் ஏதாவது இருக்கும். நான் பார்க்கப்போவது நம் ராணுவ லாரிகள் தினமும் கடக்கும் ஒரு பாலம், மூன்றாவது தூண், நீர்மட்டத்துக்கு நாலடி கீழே ஒரு விரிசல். வரிசையில் நின்ற பொறியாளர் ஒருவரின் குறிப்பை இரண்டு முறை படித்துவிட்டேன். தெளிவாக எழுதியிருக்கிறார், படமும் போட்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

வெர்னா